வலிக்காத இடத்தில் அழற்சியைப் பிடிப்பது எப்படி: முள்ளந்தண்டு அடிபட்டவரைப் பார்க்கும் வீட்டாருக்கு

மச்சானை ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்த பதினோராவது நாள், அவருடைய இடது குதிக்காலில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஓர் இடம் கறுத்திருந்ததைக் கண்டோம். கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்தில் குதிக்கால் முட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. எத்தனை நாளாக என்று எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது, இடுப்புக்குக் கீழே அவருக்கு எதுவுமே தெரியாது. நாங்களென்றால் பத்து நிமிடத்தில் காலை இழுத்திருப்போம். அந்தக் கறுப்பு தோலுரிந்து புண்ணாகி ஆறுவதற்கு நாலரை மாதம் எடுத்தது.

நான் டொக்டர் இல்லை. திருகோணமலை டவுனில் தையல் கடை வைத்திருக்கிறேன். மனைவியின் தமையன் கச்சான் காற்று கிளப்பிய தகரத்தை அடிக்கக் கூரையில் ஏறி விழுந்ததிலிருந்து மூன்று வருடமாக அவரைப் பார்க்கிறவர்களில் நானும் ஒருவன். டொக்டர்மாரிடமும் மிஸ்மாரிடமும் கேட்டுக் கேட்டு, பிறகு நானே தேடி வாசித்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். அப்போது எல்லாரும் "வீக்கம் வத்தட்டும், வீக்கம் வத்தட்டும்" என்று சொன்னார்கள், ஆனால் அந்த வீக்கம் எது, எங்கே, அதில் எங்களுக்கு என்ன வேலை என்று ஒருவரும் சொல்லவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது

"முள்ளந்தண்டு முறிஞ்சு போச்சு" என்று நாங்கள் சொன்னாலும் எலும்பு பெரிய பிரச்சினையே இல்லை, எலும்பு ஒட்டும். அந்த எலும்புக் குழாய்க்குள் சுண்டுவிரல் மொத்தத்தில் ஓடுகிறதே முண்ணாண், பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் படித்த அதே நரம்புத் தண்டு, அது நசிந்ததுதான் பிரச்சினை. விழுந்த கணத்தில் நசிந்தது முதற் காயம். அதை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. அதற்குப் பிறகு மணித்தியாலக் கணக்கிலும் நாள் கணக்கிலும் இரண்டாவது காயம் ஒன்று நடக்கிறது. சின்னச் சின்ன இரத்தக் குழாய்கள் கசிகின்றன, இரத்த ஓட்டம் குறைகிறது, செத்த நரம்புக் கலங்களிலிருந்து கொட்டுகிற இரசாயனங்கள் பக்கத்தில் தப்பியிருந்த கலங்களையும் சாகடிக்கின்றன. எல்லாரும் வீக்கம் என்று சொன்ன அழற்சி, அதாவது காயத்துக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு, இதற்கு நடுவில்தான் வருகிறது.

முண்ணாணுக்குள்ளேயே குடியிருக்கும் மைக்ரோகிளியா என்ற காவற் கலங்கள் அடிபட்ட சில நிமிடங்களிலேயே விழித்து, ஆள் கூப்பிடும் இரசாயனங்களை விடத் தொடங்கும். சில மணித்தியாலத்தில் இரத்தத்திலிருந்து நியூட்ரோபில் என்ற வெள்ளைக் கலங்கள் வந்து இறங்கும், முதல் ஓரிரண்டு நாளில் அவற்றின் கூட்டம் உச்சத்துக்குப் போகும். இரண்டு மூன்று நாளில் மக்ரோபேஜ் என்ற தின்னிக் கலங்கள் வரத் தொடங்கி, ஒரு கிழமை அளவில் நிறைந்து, அதில் ஒரு பங்கு மாதக் கணக்கில் அங்கேயே தங்கிவிடும். இவை வருவது துப்புரவு செய்யத்தான். ஆனால் சுனாமிக்குப் பிறகு இடிபாடு அள்ள வந்த பெக்கோ, நிமிர்ந்து நின்ற மதிலையும் சேர்த்து இடித்துவிட்டுப் போனதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இன்னொரு சங்கடம் இடம். கணுக்கால் சுளுக்கினால் வீக்கம் வெளியே தள்ளும், செருப்புப் போட முடியாது, அவ்வளவுதான். முண்ணாணைச் சுற்றி எலும்பு. வெளியே தள்ள வழியில்லாத வீக்கம் உள்ளுக்கே நெரித்து, இருக்கிற கொஞ்ச இரத்த ஓட்டத்தையும் குறைக்கிறது.

சரி, அப்படியென்றால் அழற்சியை அப்படியே நிறுத்திவிட்டால் என்ன? முதலில் எனக்கும் அதுதான் தோன்றியது. விஷயம் அவ்வளவு நேர் இல்லை. அழற்சிக் கலங்கள் இல்லாவிட்டால் செத்த சாமான்களை அள்ள ஆள் இல்லை. 1998 இல் மிகால் ஷ்வார்ட்ஸ் என்ற இஸ்ரேலிய விஞ்ஞானியின் குழு, தூண்டிவிடப்பட்ட மக்ரோபேஜ்களை எலியின் முண்ணாணுக்குள் வைத்து அசைவு ஓரளவு திரும்பியதாகக் காட்டியது, அதாவது அழற்சிக் கலங்களைக் கூட்டி. அதே முறையை மனிதரில் பார்த்தபோது பலன் தெரியவில்லை, அந்த முடிவு 2012 இல் வெளியானது. நரம்பு வளரவிடாமல் தடுக்கிறது என்று பல காலம் திட்டு வாங்கிய, முண்ணாண் காயத்தில் வரும் தழும்புக்கும் இதே கதைதான். அந்தத் தழும்பு வராமல் செய்தாலும் நரம்பு தானாக வளர்வதில்லை என்று 2016 இல் எலிகளில் செய்த ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே "அழற்சியை அடியோடு அகற்றும் மருந்து" என்று போனில் யாராவது வீடியோ அனுப்பினால் பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள்.

விழுந்த இடத்தில்

இந்தப் பகுதியை எழுதும்போது இன்னும் கை கூசுகிறது. மச்சான் விழுந்ததும் நாலு பேர் ஓடிவந்து, இரண்டு பேர் கக்கத்திலும் இரண்டு பேர் காலிலும் பிடித்துத் தூக்கி, ஓட்டோவின் பின் சீற்றில் மடித்து வைத்துக் கொண்டுபோனோம். அந்த நாலு பேரில் ஒருவன் நான். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் முறிந்த எலும்பு ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் ஆடி உள்ளே என்ன செய்தது என்பதை யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

நீங்கள் அப்படிச் செய்யவேண்டாம். மரத்திலிருந்தோ கூரையிலிருந்தோ விழுந்தவர், மோட்டார் சைக்கிளில் அடிபட்டவர், ஆழமில்லாத தண்ணீரில் தலைகீழாகப் பாய்ந்தவர், இவர்களில் யாராவது "கால் தெரியேல்ல" என்றோ "கழுத்து நோகுது" என்றோ சொன்னால் அசைக்கவே கூடாது. 1990 க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. வரும்வரை ஒருவர் தலைமாட்டில் முழங்காலில் இருந்து தலையை இரண்டு கையாலும் இருந்தபடியே பிடித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் பருக்காதீர்கள், இருத்திப் பார்க்காதீர்கள். கடலுக்குள் என்றால், முகம் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி மல்லாக்காகத் தலையையும் முதுகையும் ஒரே கோட்டில் தாங்கிக் கரைக்குக் கொண்டுவாருங்கள். மூச்சு இல்லையென்றால் மட்டும் கணக்கு வேறு, அப்போது மூச்சுத்தான் முதல். வாந்தி எடுத்தால் மூன்று நாலு பேர் சேர்ந்து, ஒருவர் சொல்ல, தலையும் உடம்பும் ஒரு மரக்குற்றி போல ஒன்றாக உருளும்படி பக்கத்துக்குத் திருப்புங்கள்.

இதற்கும் அழற்சிக்கும் என்ன சம்பந்தம் என்றால், இரண்டாவது காயத்தின் அளவை நாங்கள் கொஞ்சமாவது குறைக்கக்கூடிய இடம் இது ஒன்றுதான். அசைவு, மூச்சுக் குறைவு, இரத்த அழுத்தம் விழுவது, இந்த மூன்றும் நசிந்த முண்ணாணை மேலும் பட்டினி போடும்.

வாட்டில், முதல் கிழமைகளில்

இங்கே வீட்டாருக்கு மருத்துவ வேலை ஒன்றும் இல்லை, ஆனால் என்ன நடக்கிறது என்று விளங்கிக்கொண்டால் வீண் சண்டை குறையும். எங்கள் வீட்டில் நடந்த பெரிய சண்டை, அழற்சியை அடக்கும் ஸ்டெரொயிட் ஊசியைப் பற்றியது. வெளிநாட்டில் இருக்கும் தம்பி ஒருவர் போனில், "அங்க மெதில்பிரெட்னிசொலோன் போடுவினம், ஏன் போடேல்ல எண்டு கேளுங்கோ" என்று சொல்லிவிட்டார். மாமி அழ, நான் போய் டொக்டரோடு கொஞ்சம் கடுமையாகவே கதைத்துவிட்டேன். பிறகுதான் கதை முழுக்கத் தெரிந்தது. 1990 இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, அடிபட்டு எட்டு மணித்தியாலத்துக்குள் அந்த மருந்தைக் கூடிய அளவில் கொடுத்தால் கொஞ்சம் பலன் உண்டு என்று சொன்னது. உலகம் முழுக்கக் கொடுத்தார்கள். பிறகு அந்தக் கணக்கைத் திரும்பக் கிளறிப் பார்த்தவர்கள் பலன் நிச்சயமில்லை, கிருமித் தொற்றும் குடல் இரத்தக் கசிவும் கூடுகிறது என்றார்கள். 2013 இல் அமெரிக்க நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர்களின் வழிகாட்டல் வேண்டாம் என்றது. 2017 இல் இன்னொரு சர்வதேசக் குழு, எட்டு மணித்தியாலத்துக்குள் என்றால் 24 மணித்தியாலத்துக்குக் கொடுப்பதை யோசிக்கலாம் என்றது. ஆகவே ஒரு டொக்டர் போடுவார், ஒருவர் போடமாட்டார், இரண்டு பேரும் பிழை இல்லை. நான் கதைத்த அந்த டொக்டரிடம் பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன், அவர் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அழற்சியைவிட அந்த நாட்களில் அவர்கள் துரத்துவது வேறு இரண்டு விஷயம். ஒன்று நெரிக்கிற எலும்பை விலக்குவது. கழுத்து அடிபட்டவர்களில் 24 மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்தவர்களில் ஐந்தில் ஒருவர் அளவில், உணர்வையும் அசைவையும் அளக்கும் அளவுகோலில் இரண்டு படி முன்னேறினார்கள், பிந்திச் செய்தவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவு என்று 2012 இல் வெளிவந்த வட அமெரிக்க ஆய்வு சொல்கிறது. எல்லாருக்கும் அந்த நேரத்துக்குள் கிடைக்காது, அது வேறு கதை. மற்றது இரத்த அழுத்தம். அதே 2013 வழிகாட்டல் முதல் ஒரு கிழமைக்குச் சராசரி அழுத்தத்தை 85 க்கும் 90 க்கும் இடையில் வைத்திருக்கச் சொன்னது, வீங்கிய முண்ணாணுக்குள் இரத்தம் தள்ளிப் போகவேண்டும் என்பதற்காக. "பிரஷர் நல்லாத்தானே இருக்கு, ஏன் இவ்வளவு மருந்து ஏத்துறாங்கள்" என்று பக்கத்துக் கட்டில்காரர் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. முதல் நாட்களில் கால் துணி மாதிரித் தொய்ந்து கிடக்கும், முழங்காலில் தட்டினாலும் துடிக்காது. நாள் கணக்கிலோ கிழமைக் கணக்கிலோ கழித்துத் திடீரென்று கால் தானாக இழுக்கும், துள்ளும். மாமி அன்றைக்குக் கோணேசர் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். அது முண்ணாணின் அதிர்ச்சி நிலை விலகித் தெறிவினை திரும்பியது, அவர் நினைத்து அசைத்தது இல்லை. "பெருவிரலை ஆட்டுங்கோ" என்று சொன்னபின் ஆடினால்தான் கணக்கு. வீக்கம் வற்ற வற்றக் கொஞ்சம் உணர்வோ அசைவோ உண்மையிலேயே திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனபடியால் டொக்டர் குண்டூசியால் குத்திப் பார்க்கும்போது பக்கத்தில் நின்று எந்த இடம்வரை தெரிகிறது என்று திகதி போட்டு எழுதிவையுங்கள். ஆசனவாய்ப் பக்கம் உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், அந்தச் சோதனையில்தான் காயம் முழுமையானதா அரைகுறையா என்று தெரியும்.

வீட்டில்: கண்ணும் புறங்கையும்

ஈராயிரம் வருடத்துக்கு முன் ரோமில் செல்சஸ் என்பவர் அழற்சிக்கு நாலு அடையாளம் எழுதிவைத்தார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் அதைத்தான் பாடமாக்குகிறார்கள். எங்கள் எல்லாருக்கும் அழற்சியை அறிவிப்பது நாலாவது, வலி. பல் வீங்குமுன்னே வலிக்கும். மச்சானுக்கு அந்த நாலாவது இடுப்போடு அறுந்துபோனது. மிச்சம் மூன்றையும் அவருக்காக யாராவது தேடவேண்டும்.

1944 க்கு முன்பு முள்ளந்தண்டு அடிபட்டவர்களில் பெரும்பாலானோர் முண்ணாணால் சாகவில்லை. படுக்கைப் புண்ணும் சலத்தில், அதாவது சிறுநீரில், கிருமியும் இரத்தத்தில் ஏறித்தான் செத்தார்கள். அந்த வருடம் இங்கிலாந்தில் ஸ்டோக் மண்டவில் ஆஸ்பத்திரியில் லூட்விக் குட்மன் என்ற டொக்டர் தனிப் பிரிவு தொடங்கி, இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆளைத் திருப்பிவிடச் செய்தார். பெரிய மருந்து ஒன்றும் இல்லை, திருப்பியதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். எங்கள் வீட்டில் காலை ஐந்தரைக்கும் இரவு படுக்கப் போடும்போதும் தோல் பார்ப்போம். போன் வெளிச்சத்தை நேரே அடிக்காமல் பக்கவாட்டில் சரித்துப் பிடியுங்கள், மேடு பள்ளம் நிழலில் தெரியும். நாரி அடி, இரண்டு குண்டி எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, முழங்காலின் உட்பக்கம், கணுக்கால், குதிக்கால், இதுதான் சுற்று. புத்தகங்களில் சிவந்திருக்கிறதா பாருங்கள் என்று எழுதியிருக்கும். எங்கள் தோலில் சிவப்புத் தெரியாது. கொஞ்சம் கூடக் கறுத்தோ ஊதா ஓடியோ இருக்கும், மினுங்கும். ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையை வையுங்கள், உள்ளங்கை இல்லை, புறங்கைக்குத்தான் சூடு நன்றாகத் தெரியும். ஒரு பக்கத்தை மற்றப் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். சூடாகவோ, குளிராகவோ, கல்லுப்போலவோ, பழுத்த தக்காளி போலவோ இருந்தால் அங்கே ஏதோ நடக்கிறது. விரலால் ஒரு மூன்று செக்கன் அமத்தி விடுங்கள், நிறம் வெளுக்காமல் அப்படியே நின்றால் அது படுக்கைப் புண்ணின் முதற்படி. அந்த இடத்தில் இனி ஆள் படுக்கவோ இருக்கவோ கூடாது, அது மாறும்வரை, ஒரு நாளோ நாலு நாளோ. தேய்த்துவிடாதீர்கள். "இரத்தம் ஓடட்டும்" என்று மாமி தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்க்கப் பார்த்தார். அடியில் ஏற்கெனவே நசிந்த தசையைத் தேய்ப்பது கந்தல் துணியை இழுத்துப் பார்ப்பது மாதிரி, இதை என் தொழில் பாஷையில் சொன்னபிறகுதான் அவருக்கு விளங்கியது.

படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பவேண்டும். சக்கர நாற்காலியில் பதினைந்து முதல் முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை கையை ஊன்றிக் குண்டியைத் தூக்கவேண்டும், அல்லது முன்னுக்குக் குனிந்து முழங்காலில் நெஞ்சை வைக்கவேண்டும், இரண்டு நிமிடமாவது. மச்சான் போனில் அலாரம் வைத்திருக்கிறார், கிரிக்கெட் பார்க்கும்போது அதை நிறுத்திவிடுவார், அதற்கு ஒரு சண்டை. குதிக்காலுக்குக் கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்துக் குதிக்கால் காற்றில் நிற்கவேண்டும். நடுவில் ஓட்டை உள்ள வளைய மெத்தை விற்பார்கள், வாங்காதீர்கள், அந்த வளையம் சுற்றி நெரிக்கும். கரண்டில் வேலை செய்யும் காற்று மெத்தை நல்லதுதான், ஆனால் கரண்ட் போனால் காற்று இறங்கி ஆள் பலகையில் கிடப்பார், நித்திரையில் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு ஒருமுறை நடந்தது. இப்போது காற்றாடி நின்றால் வீட்டில் முதலில் எழும்புகிறவர் மெத்தையைத்தான் தொட்டுப் பார்ப்பார். கச்சான் காலத்தில் வியர்வையும் சேரும், ரெக்சீன் விரிப்பை எடுத்துவிட்டு இரண்டு மடிப்புப் பருத்திச் சீலையைப் போடுங்கள், அதில் தையல் விளிம்பும் பொத்தானும் உடம்புக்குக் கீழே வரக்கூடாது. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், பின் பொக்கற்றின் கட்டித் தையலே போதும் ஒரு புண்ணுக்கு. மச்சானின் களிசான்கள் எல்லாம் பின் பொக்கற் இல்லாமல் நான் தைத்தவை.

அடுத்தது கெண்டைக்கால். அசையாத காலில் இரத்தம் கட்டியாகலாம், முதல் மூன்று மாதம் ஆபத்துக் கூட. என்னிடம் அளவு நாடா எப்போதும் கழுத்தில் கிடக்கும், ஆகவே இது எனக்கு இலகு. முழங்கால் சிரட்டைக்குக் கீழே தட்டுப்படும் எலும்பு முடிச்சிலிருந்து பத்து சென்ரிமீற்றர் கீழே பேனையால் ஒரு புள்ளி, இரண்டு காலிலும். கிழமைக்கு இரண்டு தரம் அந்த இடத்தில் சுற்றளவு. ஒரு கால் மற்றதைவிட மூன்று சென்ரிமீற்றர் கூடினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, அந்தக் காலைப் பிடித்துவிடுவதும் பயிற்சி செய்விப்பதும் உடனே நிற்கவேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு நொந்தால், யோசிக்காமல் 1990.

தொடையோ முழங்காலோ சூடாக வீங்கி, நேற்றுவரை மடிந்த இடுப்பு இன்றைக்கு மடியாமல் நின்றால் இன்னொரு சந்தேகமும் உண்டு. தசைக்குள் எலும்பு வளர்வது. அதிகமாக முதல் சில மாதங்களில் வரும், பார்வைக்கு இரத்தக்கட்டு மாதிரியே இருக்கும். வீட்டில் பிரித்தறிய முடியாது, ஸ்கேனும் இரத்தச் சோதனையும் வேண்டும். பலவந்தமாக மடக்காதீர்கள், அவ்வளவுதான் எங்கள் பங்கு.

சலத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில்தான் எல்லாரும் மருந்தை வீணாக்குகிறார்கள். சலக்குழாய் போட்டவரின் சலத்தில் கிருமி இருக்கும், கலங்கும், மணக்கும். அதற்காக மட்டும் அன்ரிபயோட்டிக் தேவையில்லை. கொடுத்துக்கொண்டே போனால் உண்மையாகத் தேவைப்படும் நாளில் அந்த மருந்து வேலை செய்யாது. காய்ச்சல், குளிர் நடுக்கம், வழக்கத்துக்கு மாறான வியர்வை, கால் இழுப்பு திடீரென்று கூடுவது, குழாய்க்குப் பக்கத்தால் கசிவது, இரத்தம், ஆள் சோர்ந்துபோவது, இவை வந்தால்தான் தொற்று என்று எடுக்கவேண்டும். சோதனைக்குச் சலம் கொடுக்கும்போது பையிலிருந்து பிடித்துக் கொடுக்காதீர்கள், பழைய குழாயை மாற்றிப் புதிய குழாயில் வருவதைக் கேளுங்கள். குழாயின் பை எப்போதும் உடம்புக்குள் இருக்கும் சலப்பையைவிடக் கீழே, ஆனால் நிலத்தில் முட்டாமல். நேரத்துக்கு நேரம் குழாய் விட்டு எடுக்கிறவர்கள் நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு தடவைக்கு 500 மில்லிலீற்றரைத் தாண்டவிடக்கூடாது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், இதைவிடப் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை.

கால் இழுப்பைச் சொன்னேன் அல்லவா, அது எங்களுக்கு வலிக்குப் பதிலாகக் கிடைத்த மணி. ஒருநாள் மச்சானின் வலது கால் விடாமல் வெட்டி இழுத்தது. சலம் சரி, தோல் சரி. கடைசியில் சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தால் பெருவிரல் நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் வைத்திருக்கிறது. உணர்வு மேலே போகாவிட்டாலும் கீழே உள்ள முண்ணாணுக்குச் செய்தி போகிறது, அது காலை இழுத்துக் காட்டுகிறது.

மருந்துக்கடை, எண்ணெய், கன்னியா, கிரந்தி

"வீக்கத்துக்கு" என்று கேட்டால் மருந்துக்கடையில் டைக்ளோபெனாக் தருவார்கள். முண்ணாணுக்குள் நடக்கிற அழற்சிக்கு அது போய்ச் சேராது. இரத்தம் கட்டியாகாமல் இருக்க ஊசி போடுகிறவருக்கு அதோடு இதையும் கொடுத்தால் வயிற்றில் இரத்தம் கசியலாம், சிறுநீரகமும் பழுதாகலாம். காய்ச்சலையும் மறைத்துவிடும், எங்களுக்கு மிச்சமிருக்கும் கொஞ்ச அடையாளத்தில் அதுவும் போய்விடும். கால் எரிகிறது, ஆயிரம் ஊசி குத்துகிறது என்று உணர்வே இல்லாத காலைக் காட்டிச் சொல்வார்கள், நடிப்பு இல்லை, அது நரம்பு வலி. முண்ணாணில் அடங்காமல் கிடக்கும் அந்தக் காவற் கலங்களுக்கும் இதில் பங்குண்டு. அதற்குக் கபாபென்ரின், பிரிகபலின், அமிற்றிப்டிலின் போன்ற வேறு வகை மருந்து, கிளினிக்கில் கேளுங்கள்.

முறிவு வைத்தியரிடம் கொண்டுபோகச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. கை முறிந்தால் நானும் போவேன். ஆனால் உணர்வில்லாத காலில் சூடான எண்ணெய் ஒத்தடம் கொடுத்தால், தோல் வெந்து கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். சுடுதண்ணிப் போத்தலும் அப்படித்தான். கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்கிறார்கள். ஏழு கிணறும் ஒரே சூடு இல்லை, ஆகவே உணர்வுள்ள ஒருவர் முழங்கையை விட்டுப் பார்த்து, மிதமானதை அள்ளி ஊற்றினால் போதும். திறந்த புண்ணும் சலக்குழாயும் இருந்தால் வேண்டாம். கால் எழும்பும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். போய்வருவது மனதுக்கு நல்லதுதான், மச்சான் போய்வந்த அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

சாப்பாட்டில் பெரிய பிழை கிரந்திப் பயம், அதாவது மீன், முட்டை புண்ணைக் கிளப்பும் என்ற பயம். புண் வந்ததும் மாமி மீன், இறால், கணவாய், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இரண்டு மாதம் சோறும் புடலங்காயும் கொடுத்தார். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும், அதைத்தான் நிறுத்திவிட்டோம். டயட் மிஸ் ஏசியபிறகு தினமும் மீனும் ஒரு முட்டையும் பருப்பும் திரும்பி வந்தன, அதற்குப் பிறகுதான் குதிக்கால் ஓரத்தில் இளஞ்சிவப்புச் சதை எட்டிப்பார்த்தது. கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சூடை மீனுக்குப் பயப்படுவது அநியாயம். ஒவ்வாமை இருப்பவர் மட்டும் தவிர்த்தால் சரி. சுருட்டு, சிகரெட் இருந்தால் அதை நிறுத்துங்கள், புண் ஆறாததற்கு அது நல்ல காரணம்.

நெஞ்சுக்கு மேலே அடிபட்டவர்களுக்கு

ஆறாவது நெஞ்சு முள்ளெலும்போ அதற்கு மேலோ என்றால் இதைக் கட்டாயம் வாசியுங்கள். கீழே எங்காவது சலக்குழாய் மடிந்தாலோ, மலம் இறுகினாலோ, புண்ணோ நகமோ அழற்சி வைத்தாலோ இரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். தலை வெடிக்கிற மாதிரி இடிக்கும், முகமும் கழுத்தும் வியர்த்துக் கொட்டும், கீழே தோல் குளிர்ந்திருக்கும். இவர்களுக்குச் சாதாரண அழுத்தமே, மேல் இலக்கம், 90, 100 என்று இருக்கும், ஆனபடியால் 130 என்றால் மற்றவருக்குச் சாதாரணம், இவருக்கு ஆபத்து. உடனே நிமிர்த்தி இருத்திக் காலைத் தொங்கவிடுங்கள், படுக்கவிடாதீர்கள். பெல்ட், சாரம், சப்பாத்து எல்லாம் தளர்த்துங்கள். குழாய் மடிந்திருக்கிறதா, பை நிறைந்திருக்கிறதா பாருங்கள். அடங்காவிட்டால் 1990. அவசரப் பிரிவில் எல்லாருக்கும் இது உடனே பிடிபடாது, ஆகவே அவருடைய சாதாரண அழுத்தத்தை ஒரு மட்டையில் எழுதிச் சட்டைப் பொக்கற்றில் வைத்துவிடுங்கள்.

இந்த உயரத்தில் அடிபட்டவர்களுக்கு நோயெதிர்ப்பும் குறைகிறது, மண்ணீரலுக்குப் போகும் நரம்புக் கட்டளை குழம்புவதால். உள்ளே அழற்சி எரிந்துகொண்டிருக்க, வெளியிலிருந்து வரும் கிருமிக்கு உடம்பு சோம்பேறியாகிவிடுகிறது. சளி பிடித்தால் பொறுத்துப் பார்க்காதீர்கள். அவர் இருமும் நேரத்தோடு சேர்த்துத் தொப்புளுக்கு மேலே உள்ளங்கையால் உள்ளும் மேலும் தள்ளிக் கொடுக்கும் முறையைப் பிசியோவிடம் பழகிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது

அவசரப் பிரிவிலோ கிளினிக்கிலோ வாயைத் திறந்ததும் முதலில் சொல்லவேண்டியது "இவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை" என்பதுதான். சொல்லாவிட்டால் "நோகுதா?" என்று கேட்பார்கள், அவர் "இல்லை" என்பார், அதோடு முடிந்துவிடும். ஒருமுறை அப்படி முடிந்து, சூடாக வீங்கிய தொடையோடு திருப்பி அனுப்பப்பட்டோம். அடுத்த நாள் வேறு இடத்தில் காட்டி இரத்தக்கட்டு என்று பிடித்தார்கள். அதற்குப் பிறகு சுற்றளவுக் கணக்கு எழுதிய கொப்பியையும், ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் எடுத்த தோல் படங்களையும் கையோடு கொண்டுபோவேன், வாயால் சொன்னால் கேளாதவர்களும் படத்தைப் பார்ப்பார்கள்.

றாகம புனர்வாழ்வு ஆஸ்பத்திரிக்குத் திகதி கிடைத்தால் விடாதீர்கள், நாற்காலியில் ஏறி இறங்கவும் சலம் எடுக்கவும் மச்சான் சரியாகப் பழகியது அங்கேதான். ஆனால் இங்கிருந்து போகும் தூரம் பெரியது. வானில் சீற்றின்மேல் நாற்காலி மெத்தையைப் போட்டு இருத்துங்கள், அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை தூக்கச் சொல்லுங்கள். நாங்கள் கந்தளாயில் ஒருமுறையும் ஹபரணையில் ஒருமுறையும் வானை நிறுத்தி, பின் சீற்றில் கால் மணித்தியாலம் பக்கவாட்டில் படுக்கவைத்து, குழாயின் பையை வெறுமையாக்கி, சப்பாத்தைக் கழற்றிக் குதிக்காலில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப ஏறுவோம். டிரைவர் ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் போதும்.